பிரவுசரிடம் கேள்வி கேட்ட கதை

ஒரு வெப்சைட் ஒழுங்காக வேலை செய்கிறது என்று யார் பார்த்துச் சொல்கிறார்கள்? ரயில் டிக்கெட், பேங்க், ப்ளஸ் டூ ரிசல்ட், கல்லூரி ஃபீஸ் என்று எல்லாமே பிரவுசருக்குள் வந்துவிட்ட பிறகு இது சாதாரணமான கேள்வி இல்லை. அதற்கென்றே டெஸ்டர் என்று ஒரு வேலை இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் பி.காம் முடித்துவிட்டு இந்த வேலைக்குப் போனவர்கள் உண்டு.

ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினால்கூட மொத்த சைட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். லாகின் செய், ஃபாரம் நிரப்பு, பணம் கட்டு, ரசீது வருகிறதா பார். இதையே தினமும் ஒரு மனிதரைச் செய்யச் சொன்னால் மூன்றாம் நாள் அவர் கண் சோர்ந்துவிடும். அதனால்தான் இதை மெஷினிடம் ஒப்படைத்தார்கள். மெஷின் பிரவுசரைத் திறக்கும், கிளிக் செய்யும், டைப் செய்யும். பிறகு பக்கத்தைப் பார்த்து சில கேள்விகள் கேட்கும். உன் தலைப்பு என்ன? இந்தக் கட்டத்தில் என்ன தொகை இருக்கிறது? எர்ரர் செய்தி எதுவும் வந்திருக்கிறதா?

கிளிக் செய்வது சுலபம். இந்தக் கேள்விக்குப் பதில் வாங்குவதில்தான் சிக்கலே. யாரிடம் கேட்பது, எங்கே நின்று கேட்பது, வருகிற பதிலை எவ்வளவு நம்புவது என்று இருபது வருடத்துக்கும் மேலாக இழுபறி நடந்திருக்கிறது. அந்த இழுபறியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு உதாரணம். தணிக்கைக்குப் போகும் ஆடிட்டர் இரண்டு வகையில் விவரம் வாங்குகிறார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது ஒன்று. கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டும் பொருந்த வேண்டும். புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு "கல்லாவில் பத்தாயிரம் இருக்கிறது" என்று எழுதித் தரக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே வரும் தொழில்நுட்ப விஷயங்கள் எதுவும் பயமுறுத்தாது.

பக்கத்துக்குள் ஒரு புத்தகம்

வெப் பக்கம் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் படம் மட்டும் இல்லை. அதன் பின்னால் பிரவுசர் ஒரு மரம் போல எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறது. தலைப்பு ஒரு கிளை, பத்தி ஒரு கிளை, பட்டன் ஒரு கிளை. இதற்கு டாம் என்று பெயர். இதன் முதல் பொதுத் தரத்தை டபிள்யூ3சி அமைப்பு 1998 அக்டோபரில் வெளியிட்டது. ஆடிட்டரின் கணக்குப் புத்தகத்துக்குச் சமமானது இதுதான்.

அந்தப் புத்தகத்தைப் புரட்டத் தெரிந்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். ஃபாரத்தில் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற சில்லறை வேலைகளுக்குத்தான் அது முதலில் பயன்பட்டது. ஆனால் "டாக்குமென்ட்.டைட்டில்" என்று ஒரு வரி எழுதினால் பக்கத்தின் தலைப்பை எடுத்துக் கையில் கொடுத்துவிடும். இன்றும் பல கம்ப்யூட்டர் பிரவுசர்களில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் இந்த வரியை டைப் செய்து பார்க்கலாம். பெரிய பெரிய டெஸ்டிங் கருவிகள் எல்லாமே இந்த ஒரு வரியின் மேல் கட்டிய மாடிகள்தான்.

பாதரசமும் செலினியமும்

2000களின் தொடக்கத்தில் தானியங்கி டெஸ்டிங் என்றால் மெர்க்குரி இன்டராக்டிவ் என்ற கம்பெனிதான். வின்ரன்னர், க்விக்டெஸ்ட் எல்லாம் அவர்களுடையவை. நல்ல கருவிகள்தான், ஆனால் விலை கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்தத் தொழிலில் எவ்வளவு பணம் புழங்கியது என்பதற்கு ஒரே கணக்கு போதும். 2006-ல் ஹெச்பி நிறுவனம் மெர்க்குரியை ஏறக்குறைய 450 கோடி டாலருக்கு வாங்கியது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2004-ல், சிகாகோவில் தாட்வொர்க்ஸ் என்ற கன்சல்டிங் கம்பெனியில் ஜேசன் ஹக்கின்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது வாடிக்கையாளருக்கான பெரிய ப்ராஜெக்ட் இல்லை. ஊழியர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு செலவு செய்தார்கள் என்று பதியும் உள்வீட்டு சாஃப்ட்வேர். நம் பாஷையில் டைம் ஷீட்டும் செலவு வவுச்சரும்.

அப்போது உலகத்தில் பெரும்பாலானோர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் தாட்வொர்க்ஸ் ஊழியர்களில் பலர் மோசில்லா வகை பிரவுசர்காரர்கள். தங்கள் பிரவுசரில் செலவுக் கணக்கு ஓடவில்லை என்றால் புகார் வந்துவிடும். எல்லா பிரவுசரிலும் சோதித்தாக வேண்டும். இலவசக் கருவிகள் ஒரே பிரவுசருக்கானவை, அல்லது உண்மையான பிரவுசரே இல்லாமல் பிரவுசர் மாதிரி நடிப்பவை. விலைக் கருவி வாங்கினால் அந்தச் சின்ன ப்ராஜெக்டின் பட்ஜெட் முழுக்க லைசென்சிலேயே கரைந்துவிடும்.

ஹக்கின்ஸ் கவனித்த விஷயம் எளிமையானது. பிரவுசர்கள் எத்தனை வகையாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். அப்படியானால் வெளியிலிருந்து எதற்குக் கருவி? டெஸ்ட் செய்யும் ஸ்கிரிப்டையே பக்கத்தோடு பிரவுசருக்குள் அனுப்பிவிட்டால், அது உள்ளேயே உட்கார்ந்து பட்டனை அழுத்தி, டாம் புத்தகத்தைப் புரட்டி, பதில் சொல்லிவிடும். டெஸ்ட்டை ஒரு அட்டவணையாக எழுதினால் போதும். முதல் கட்டத்தில் கட்டளை, அடுத்ததில் எந்தப் பொருள், மூன்றாவதில் என்ன மதிப்பு. எக்செல் தெரிந்தவர்களுக்கே புரியும்.

இதைத்தான் பிறகு செலினியம் என்று அழைத்தார்கள். பெயரில் ஒரு கிண்டல் இருக்கிறது. மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச விஷத்துக்கு செலினியம் மாற்று என்று ஹக்கின்ஸ் ஒரு மெயிலில் ஜோக் அடித்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதே 2004-லேயே இலவசமாக, சோர்ஸ் கோடோடு, எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

காமர்ஸ் கண்ணால் பார்த்தால், லைசென்ஸ் செலவை ஏற்க முடியாத ஒரு செலவுக் கணக்கு சாஃப்ட்வேர்தான் லைசென்ஸே தேவைப்படாத கருவிக்குக் காரணமாக இருந்திருக்கிறது!

வாசலில் ஒரு காவலாளி

உள்ளே உட்கார்ந்து கேட்பதில் ஒரு தொல்லை இருந்தது. பிரவுசருக்கு ஒரு பாதுகாப்பு விதி உண்டு. ஒரு சர்வரிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் இன்னொரு சர்வரிலிருந்து வந்த பக்கத்தைப் படிக்கக் கூடாது. நல்ல விதிதான். இது இல்லையென்றால் ஏதோ ஒரு விளம்பரப் பக்கம் உங்கள் பேங்க் பக்கத்தின் பேலன்ஸைப் படித்துவிடும். ஆனால் இந்தக் காவலாளிக்கு டெஸ்டரும் திருடனும் ஒன்றுதான். இருவரையும் நிறுத்திவிடுவார்.

ஆகவே முதல் செலினியத்தை, சோதிக்க வேண்டிய சைட் இருக்கும் அதே சர்வரில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. சர்வர் நம் கையில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு வழி இடைத்தரகர். பிரவுசருக்கும் சைட்டுக்கும் நடுவே ப்ராக்ஸி என்ற ஒரு புரோகிராமை உட்கார வைத்தார்கள். பிரவுசர் கேட்கும் பக்கத்தை ப்ராக்ஸி வாங்கி வந்து தரும். டெஸ்ட் ஸ்கிரிப்டும் சைட்டின் பக்கமும் ஒரே வழியாக வருவதால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காவலாளி நம்பிவிடுவார். தாட்வொர்க்ஸின் பால் ஹேமன்ட் முதலானோர் தொடங்கி வைத்த செலினியம் ஆர்சி இந்த முறையில்தான் ஓடியது. அதன் பிறகு ஜாவா, பைத்தான், ரூபி என்று எந்த மொழியிலிருந்தும் பிரவுசருக்குக் கட்டளை அனுப்ப முடிந்தது.

இதே காலத்தில் நம் பக்கத்து ஊரிலும் ஒருவர் இதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரில் நாராயண் ராமன் 2005-ல் தொடங்கிய கருவியின் பெயர் சஹி. இந்தியில் "சரி" என்று அர்த்தம். இதுவும் திறந்த சோர்ஸ், இதுவும் ப்ராக்ஸி வழியாகப் பக்கத்துக்குள் தன் ஸ்கிரிப்டைச் செருகும். எந்த பிரவுசராக இருந்தாலும் ப்ராக்ஸி செட்டிங்கை மாற்றினால் போதும்.

சஹியின் சிறப்பு அது கேள்வி கேட்கும் விதம். மற்ற கருவிகளில் ஒரு பொருளைக் குறிப்பிட, "மூன்றாவது டேபிளில் ஐந்தாவது வரிசையில் இரண்டாவது கட்டம்" என்று முகவரி எழுத வேண்டியிருக்கும். நடுவில் ஒரு வரிசை சேர்ந்தால் முகவரி தப்பிவிடும். சஹியில் "இந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் டெலீட் பட்டன்" என்று கேட்கலாம். ஊரில் வழி சொல்வது போல. "பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வீடு" என்று சொன்னால் நடுவில் புதிதாக ஒரு கடை முளைத்தாலும் வீடு தப்பாது. செலினியத்தில் "பக்கத்தில்", "மேலே", "கீழே" என்று தேடும் வசதி அதிகாரபூர்வமாக வந்தது 2021-ல் வெளியான 4-ம் பதிப்பில்தான். சஹி பின்னாளில் டைட்டோ சாஃப்ட்வேர் என்ற பெங்களூர் கம்பெனியின் சரக்காகி, கட்டணப் பதிப்பும் வந்தது.

வெளியிலிருந்து வந்தவர்

ஸ்கிரிப்டால் முடியாத காரியங்களும் இருந்தன. ஃபோட்டோ அப்லோட் செய்யும் கட்டத்தில் ஃபைல் பெயரை ஸ்கிரிப்ட் நிரப்ப முடியாது. பாதுகாப்புக்காக பிரவுசரே தடுத்துவிடும். ஸ்கிரிப்ட் அழுத்தும் கீயும் மனிதர் அழுத்தும் கீயும் பிரவுசருக்கு ஒன்றில்லை. புத்தகத்துக்குள்ளேயே இருப்பவரால் கல்லாவைத் திறக்க முடியாது என்பது போலத்தான்.

அதே தாட்வொர்க்ஸில் இருந்த சைமன் ஸ்டூவர்ட் இதை எதிர்த்திசையிலிருந்து அணுகினார். 2006 வாக்கில் தொடங்கி 2007-ல் வெளியே வந்த அவருடைய வெப்டிரைவர், பிரவுசரை வெளியிலிருந்து ஓட்டியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸ் தரும் இணைப்பு வழியாக, ஃபயர்ஃபாக்ஸை ஒரு எக்ஸ்டென்ஷன் வழியாக, அதாவது ஒவ்வொரு பிரவுசரையும் அதற்கு ஏற்ற வழியில். மனிதர் செய்வது போல் கிளிக், மனிதர் செய்வது போல் டைப்.

2009-ல் இரண்டு ப்ராஜெக்டும் சேர்வதாக அறிவித்தார்கள். 2011 ஜூலையில் செலினியம் 2 வந்தது. 2018 ஜூன் 5-ம் தேதி வெப்டிரைவர் டபிள்யூ3சி-யின் அதிகாரபூர்வத் தரமானது. அதாவது குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாவற்றையும் ஒரே விதமான கட்டளையால் ஓட்டலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. இலவசக் கருவி ஒன்று பதினான்கு வருடத்தில் உலகத் தரமாகிவிட்டது.

இந்தியாவில் இதன் வீச்சு பெரிது. செலினியத்துக்கென்றே நடக்கும் மாநாடு 2014-லும் 2016-லும் பெங்களூரில் நடந்தது. நூற்றுக்கணக்கான பிரவுசர், ஃபோன் வகைகளில் சைட்டைச் சோதித்துப் பார்க்க வாடகைக்கு இடம் தரும் பிரவுசர்ஸ்டாக் நிறுவனம் 2011-ல் மும்பையில் தொடங்கியது.

இவ்வளவு வளர்ந்த பிறகும் "பக்கத்துக்குள் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டு" என்ற பழைய கதவை மட்டும் மூடவில்லை. செலினியம் ஆர்சி-யில் அதற்கு ஒரு கட்டளை இருந்தது. எதைக் கேட்டாலும் பதிலை எழுத்தாகவே தரும். வெப்டிரைவரில் அது இன்னும் வசதியானது. எண் கேட்டால் எண், பட்டியல் கேட்டால் பட்டியல், பட்டனைக் கேட்டால் பட்டனையே தரும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் ஒருமுறையாவது விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஸ்கிரிப்டில் "ரிட்டர்ன்" என்ற சொல்லை எழுத மறந்தால் பிரவுசர் கேள்வியைப் புரிந்துகொள்ளும், பதிலும் கண்டுபிடிக்கும், ஆனால் திருப்பித் தராது. கையில் வருவது சூன்யம்.

இந்தக் கதவு அவசியம்தான். பக்கம் முழுதாக இறங்கிவிட்டதா, இறங்க எத்தனை மில்லி செகண்ட் ஆனது, பின்னணியில் இன்னும் எத்தனை தகவல் பரிமாற்றம் பாக்கி என்பதெல்லாம் திரையில் தெரியாது. ஸ்கிரிப்ட் போட்டுத்தான் கேட்க வேண்டும். 2004-ல் ஜிமெயில் வந்து, 2005-ல் அஜாக்ஸ் என்ற பெயர் பரவிய பிறகு பக்கங்கள் "இறங்கிவிட்டேன்" என்று சொன்ன பிறகும் பின்னால் வேலை செய்துகொண்டே இருக்கத் தொடங்கின. 2006-ல் வந்த ஜேக்வெரியைப் பயன்படுத்தும் சைட்டுகளில் "இன்னும் எத்தனை கேள்வி பாக்கி?" என்று ஸ்கிரிப்டால் கேட்டு, பூஜ்யம் ஆகும்வரை காத்திருந்து, பிறகே டெஸ்ட்டைத் தொடர்வது டெஸ்டர்களின் வழக்கமானது.

டெஸ்ட் பாஸ், பட்டன் ஃபெயில்

ஆபத்தும் இதே கதவு வழியாகத்தான் வருகிறது.

ஒரு ஃபீஸ் கட்டும் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "பணம் செலுத்து" பட்டனுக்கு மேல் ஒரு அறிவிப்புப் பெட்டி வந்து மறைத்துக்கொண்டிருக்கிறது. வெப்டிரைவர் மனிதர் போல கிளிக் செய்யப் பார்க்கும், "வேறு ஏதோ குறுக்கே நிற்கிறது" என்று எர்ரர் தரும். ரிலீஸ் தேதி நெருங்குகிறது, மேனேஜர் பச்சை நிற ரிப்போர்ட் கேட்கிறார். டெஸ்டர் என்ன செய்கிறார்? கிளிக்கை ஸ்கிரிப்ட் வழியாக மாற்றிவிடுகிறார். ஸ்கிரிப்டுக்குக் குறுக்கே நிற்கும் பெட்டி தெரியாது. அது நேராகப் புத்தகத்தில் இருக்கும் பட்டனை அழுத்திவிடும். டெஸ்ட் பாஸ். ஆனால் கடைசித் தேதியன்று ஃபோனில் ஃபீஸ் கட்ட உட்காரும் மாணவருக்கு அந்தப் பட்டன் கிடைக்காது.

தகவல் எடுப்பதிலும் இதே கதைதான். ஒரு பொருளின் எழுத்தை வெப்டிரைவர் வழியாகக் கேட்டால் திரையில் தெரியும் எழுத்தை மட்டும் தரும். மறைந்திருந்தால் வெற்று வரிதான் வரும். ஸ்கிரிப்ட் வழியாக முழு எழுத்தையும் கேட்டால் மறைந்திருப்பதையும் சேர்த்துத் தரும். "பணம் பெறப்பட்டது" என்ற செய்தி புத்தகத்தில் இருக்கிறது, திரையில் இல்லை. எந்தப் பதில் உண்மை? இரண்டுமே உண்மை. டெஸ்டர் எந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதுதான் விஷயம்.

வெளியிலிருந்து பார்ப்பதாகச் சொல்லும் வெப்டிரைவர்கூட முழுக்க வெளியாள் இல்லை. "இது கண்ணுக்குத் தெரிகிறதா?" என்று முடிவு செய்ய செலினியம் பயன்படுத்துவது ஆட்டம்ஸ் என்ற சின்னச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகளை. அதுவும் புத்தகத்தைப் புரட்டித்தான் கண்ணுக்குத் தெரியுமா என்று கணிக்கிறது. நிஜக் கண் அங்கே யாருக்கும் இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் என்ன நடக்கும்?

இந்த வித்தியாசம் ஆங்கிலப் பக்கத்தைவிடத் தமிழ்ப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். உதாரணத்துக்கு ஜவ்வாது மலை அடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் படவேடு பற்றி ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர், ரேணுகாம்பாள் கோயிலால் பலருக்கும் தெரிந்த ஊர். பக்கத்தின் தலைப்பு "படவேடு ரேணுகாம்பாள் கோயில்". டெஸ்ட் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தலைப்பு சரியாக இருக்கிறதா?

முதலில் யூனிகோட் பரவாத காலம். தமிழ் சைட்டுகள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் வேறு (இந்த டாம் வேறு, மேலே சொன்ன பிரவுசர் டாம் வேறு!). ஈழத்தமிழர் தளங்களில் பாமினி அதிகம். பாமினியில் "தமிழ்" என்று தெரிவதற்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. இப்படிப்பட்ட பக்கத்தில் ஸ்கிரிப்ட் போட்டு எழுத்தைக் கேட்டால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் வரும். டெஸ்டும் அதையே எதிர்பார்த்தால் பாஸ். ஆனால் படிப்பவரின் கம்ப்யூட்டரில் பாமினி இல்லாவிட்டால் திரையில் தமிழே இருக்காது, வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். புத்தகக் கணக்கு டாலி ஆகிறது, கல்லா காலி.

தலைப்பில் இன்னொரு கூத்து. பிரவுசரின் மேல் பட்டையில் தெரியும் தலைப்பு பக்கத்தின் எழுத்துருவைக் கேட்காது, கம்ப்யூட்டரின் எழுத்துருவைத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே உள்ளே தமிழ் அழகாகத் தெரிந்தாலும் மேலே கிறுக்கல். இதைத் தவிர்க்க உள்ளே தமிழும் தலைப்பில் ஆங்கிலமுமாக வைப்பது ஒரு வழியாக இருந்தது.

யூனிகோட் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டதா? கிறுக்கல் தீர்ந்தது. விண்டோஸ் 2000 முதல் கம்ப்யூட்டரோடு தமிழ் வந்தது. ஆனால் சிக்கல் தலைகீழாகத் திரும்பியது. "கோயில்" என்ற சொல்லையே பார்ப்போம். "கோ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். "க" போட்டு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். "க" போட்டு, ஏகாரத்தின் இரட்டைக்கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றேதான். கண்ணால் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஸ்கிரிப்ட் எண்ணிப் பார்த்தால் முதல் "கோயில்" ஆறு, இரண்டாவது "கோயில்" ஏழு. இரண்டும் சமமா என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லும். இப்போது கல்லாவில் பணம் சரியாக இருக்கிறது, புத்தகம்தான் ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

இதற்கு யூனிகோடிலேயே தீர்வு உண்டு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கான வசதி 2015 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் தமிழ்ப் பக்கத்தைச் சோதித்தவர்கள் அவரவர் பாட்டுக்கு ஒட்டுப்போட வேண்டியதுதான்.

எழுத்து எண்ணிக்கையும் இப்படித்தான். "படவேடு" நமக்கு நான்கு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஆறு. "பெயர் பத்து எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்று ஒரு ஃபாரம் விதி போட்டால், தமிழில் பெயர் எழுதுபவருக்கு ஐந்தாறு எழுத்திலேயே இடம் முடிந்துவிடக் கூடும். டெஸ்டும் அதே கணக்கில் எண்ணுவதால் அங்கே எந்தத் தப்பும் தெரியாது.

படவேட்டுக்குப் படைவீடு என்று இன்னொரு பெயரும் உண்டு. வரலாற்றுப் பக்கங்களில் அப்படித்தான் அதிகம் எழுதுவார்கள். இரண்டும் ஒரே ஊர் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். ஸ்கிரிப்டுக்கு அது ஏழு, இது ஆறு, ஆகவே வேறு. இதற்கு எந்தக் கருவியாலும் தீர்வு தர முடியாது. தெரிந்த ஒருவர் டெஸ்ட்டில் எழுதி வைத்தால்தான் உண்டு.

மறுபடியும் உள்ளே

வரலாறு வெப்டிரைவரோடு முடிந்துவிடவில்லை. 2017-ல் பொதுவில் திறந்துவிடப்பட்ட சைப்ரஸ் என்ற கருவி மறுபடியும் பிரவுசருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது, 2004-ன் செலினியம் போல. அதே 2017-ல் கூகுள் வெளியிட்ட பப்பெட்டியர், 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் இரண்டும் வெளியிலிருந்து பிரவுசரின் நரம்பையே பிடித்து ஓட்டுபவை. இவற்றிலும் பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் ஓட்டும் கட்டளை இருக்கிறது. உள்ளேயா வெளியேயா என்ற ஊசல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

திரையே இல்லாமல் ஓடும் ஹெட்லெஸ் முறை குரோமில் 2017-ல் வந்த பிறகு பெரும்பாலான டெஸ்ட்டுகள் ஏதோ ஒரு சர்வரில், யாரும் பார்க்காமல், இரவில் ஓடுகின்றன. அந்த சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவாமல் விட்டிருந்தால், ஸ்கிரிப்ட் "படவேடு" என்று சரியாகச் சொல்லும். அதே நொடியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ரிப்போர்ட்டில் பச்சை நிறம்!

ஆகவே ஸ்கிரிப்ட் போட்டுக் கேட்பது தப்பு என்று சொல்ல முடியாது. அது இல்லாமல் செலினியமும் இல்லை, சஹியும் இல்லை. லைசென்ஸ் வாங்க முடியாத சின்ன ப்ராஜெக்டுகளுக்கு டெஸ்டிங் என்பதே எட்டாக்கனியாக இருந்திருக்கும். ஆனால் ஸ்கிரிப்ட் தரும் பதில் புத்தகத்தின் பதில். ஆடிட்டில் முதல் வருடமே சொல்லித் தரும் பாடம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. புத்தகத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் புத்தகத்தைக் கேட்கலாம். கல்லாவை எண்ண வேண்டிய இடத்தில் கல்லாவைத்தான் எண்ண வேண்டும். எதை எங்கே கேட்டோம் என்று ரிப்போர்ட்டில் எழுதி வைத்தால், அதை நம்பி ஃபீஸ் கட்டப் போகிறவர் ஏமாற மாட்டார்.